படகு ஏரிகளில் நீலப்பச்சைப்பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு விடவும் நீந்தவும் தூண்டில் போடவும் மக்கள் வரும் ஏரிகளிலும் தடுப்பணைத் தேக்கங்களிலும் நீலப்பச்சைப்பாசி பெருகினால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஏரிகள் இரண்டு இதில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாக வரும். ஆழமும் பரப்பும் மிகுந்த வாஷிங்டன் ஏரி ஒன்று. நகரத்தின் நடுவே, சுற்றிலும் நடைபாதையுடன் அமைந்த, ஆழம் குறைந்த கிரீன் லேக் மற்றொன்று. ஒரே ஊர், ஒரே தட்பவெப்பம் என்றாலும், இரண்டுக்கும் வேண்டியிருந்த வைத்தியம் வேறு வேறாக இருந்ததால் அவற்றைத் தேர்ந்தெடுத்தோம்.

நீலப்பச்சைப்பாசி என்பது பாசியா, பாக்டீரியாவா?

பாக்டீரியாதான். சயனோபாக்டீரியா என்பது அதன் அறிவியல் பெயர். தாவரங்களைப் போல ஒளிச்சேர்க்கை செய்வதால் பாசி என்ற பழைய பெயர் நிலைத்துவிட்டது. பொழுதுபோக்கு நீர்நிலைகளில் தொல்லை தருபவை பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா (இதன் மிதக்கும் வகைகள் இப்போது டோலிகோஸ்பெர்மம் எனப்படுகின்றன), ஆசில்லட்டோரியாவுக்கு நெருங்கிய பிளாங்க்டோத்ரிக்ஸ் ஆகியவை.

நெல் வயலில் உரமாக இடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

குடும்பம் ஒன்று, குணம் ஒன்றல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தரும் திறனுக்காகவே வயலில் நீலப்பச்சைப்பாசியை இடுகிறோம்; அசோலாவின் இலைக்குள் குடியிருந்து அந்த வேலையைச் செய்வதும் இவ்வினத்தைச் சேர்ந்த உயிரியே. சத்து மாத்திரையாக விற்கப்படும் சுருள்பாசியும் இந்த உறவுமுறைக்குள் வரும். எல்லா வகைகளும் நஞ்சை உண்டாக்குவதில்லை. நஞ்சு உண்டாக்கக்கூடிய வகையும் எல்லா நாளும் ஒரே அளவில் அதை உண்டாக்குவதில்லை. இதனால்தான் ஏரியைக் கண்ணால் பார்த்து மட்டும் "இது நஞ்சில்லாதது" என்று யாரும் சான்று கொடுக்க முடியாது.

தண்ணீர் பச்சையாக இருந்தாலே ஆபத்தா? வீட்டிலேயே அடையாளம் காண வழி உண்டா?

பச்சை நிறம் மட்டும் போதிய சான்றாகாது. சாதாரணப் பசும்பாசியும் வாத்துப்பாசியும் தண்ணீரைப் பச்சையாக்கும். முதலில் ஒரு குச்சியை விட்டுத் துழாவிப் பாருங்கள். நூல்நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் இழைப்பாசி. பெயிண்ட் தோய்ந்தது போலக் குச்சியின்மேல் பூச்சாகப் படிந்தால் நீலப்பச்சைப்பாசியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பாட்டில் சோதனை. கையுறை அணிந்துகொண்டு, நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு ஏரித் தண்ணீரை எடுத்து மூடி, அசையாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். நீலப்பச்சைப்பாசியின் செல்களுக்குள் காற்று நிரம்பிய நுண்ணிய பைகள் இருப்பதால் அது மேலே ஏறி, பாட்டிலின் கழுத்தருகே பச்சை வளையமாகத் திரண்டு நிற்கும். மற்றப் பாசிகள் பெரும்பாலும் அடியில் படியும். காலையில் தண்ணீரின் நடுப்பகுதி தெளிந்தும் மேற்பகுதி மட்டும் அடர்ந்தும் இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. இது வெறும் முன்னறிகுறி. ஏரியைத் திறப்பதையும் மூடுவதையும் பாட்டிலை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மணமும் ஒரு குறிப்புத் தரும். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளையே சில நீலப்பச்சைப்பாசிகளும் வெளியிடுகின்றன. ஆனால் மணத்துக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை என்பதால், வாசனையில்லாத ஏரி பாதுகாப்பானது என்று கொள்ள வேண்டாம்.

உடலுக்கு என்ன தீங்கு நேரும்?

தொட்டவர்களுக்குத் தோல் தடிப்பும் கண் எரிச்சலும் வரலாம். விழுங்கியவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரலாம். இந்தப் பாசிகள் உண்டாக்கும் நஞ்சுகளில் மைக்ரோசிஸ்டினும் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினும் ஈரலைத் தாக்கும்; அனடாக்சின் நரம்பைத் தாக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் இந்த நஞ்சுகள் போய்விடா. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம், ஏனெனில் அவர்கள் கரையோரத்தில்தான் விளையாடுவார்கள். காற்று பாசியைக் கொண்டுவந்து ஒதுக்குவதும் கரையோரத்தில்தான்.

நாய்கள் இதைவிட எளிதில் மாட்டிக்கொள்கின்றன. ஏரியில் இறங்கிய நாய், தண்ணீர் குடிக்காவிட்டாலும், ரோமத்தில் ஒட்டிய பாசியை நக்கியே இறந்துபோகலாம். இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

எந்த அளவு இருந்தால் ஏரியை மூட வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வரையறைப்படி, பொழுதுபோக்கு நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 24 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் பரிந்துரைத்த அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். இரண்டுமே விளையாடும்போது தண்ணீரை விழுங்கும் குழந்தையை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டவைதான். ஆஸ்திரேலியாவில் 2008ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிலைகளை வகுத்தது; மைக்ரோசிஸ்டிஸ் செல்கள் மில்லிலிட்டருக்கு 50,000ஐ எட்டினாலோ, பாலாடை போலப் பாசி ஆடை நீர்மேல் தொடர்ந்து மிதந்தாலோ அது சிவப்பு நிலை. ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டிய ஊர்களில் ஒரு நடைமுறை விதியைப் பின்பற்றலாம்: முழங்காலளவுத் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியாத அளவுக்குப் பச்சையாக இருந்தால், அல்லது ஆடை படிந்திருந்தால், அன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம்.

இது ஏன் பெருகுகிறது? வெயில்தான் காரணமா?

வெயிலும் வெப்பமும் அசையாத தண்ணீரும் துணைக்காரணங்கள். அடிப்படைக் காரணம் உரச்சத்து. அதிலும் நன்னீரில் முதன்மையானது பாஸ்பரஸ்.

இதை ஐயமறக் காட்டிய சோதனை 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான ஆய்வாளர்கள், 226 என்ற எண்ணால் அறியப்படும் சிறிய ஏரியின் இடுப்புப் பகுதியில் ஒரு திரையைக் கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி நீலப்பச்சைப்பாசியால் அடர்ந்தது; மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம், சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்காக வாதாடியவர்களுக்குப் பக்கம் பக்கமான அறிக்கைகளைவிடப் பெரிதும் உதவியது.

நைட்ரஜனை மட்டும் குறைப்பது பல ஏரிகளில் பலன் தராததற்குக் காரணம், அனபீனா போன்றவை தமக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதுதான். பாஸ்பரஸுக்கு அப்படியொரு காற்றுவழி இல்லை. ஆகவே ஏரியில் எதைச் செய்வதற்கு முன்பும் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: ஆண்டுக்கு எவ்வளவு பாஸ்பரஸ் எந்தெந்த வழியில் வருகிறது, ஏரி எவ்வளவு ஆழம், தண்ணீர் அதில் எத்தனை நாள் தங்குகிறது. இவை தெரியாமல் கருவியையோ மருந்தையோ வாங்குவது, நோய் என்னவென்று தெரியாமல் மருந்துக்கடையில் மாத்திரை கேட்பது போன்றது.

மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) தூவினால் பாசி ஒழிந்துவிடுமே?

பாசி சாகும், சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கும். செல்லுக்குள் அடைபட்டிருக்கும் நஞ்சு, செல் வெடித்தவுடன் மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த பாம் தீவில் 1979இல் நடந்தது இதற்குச் சான்று. தீவுக்குக் குடிநீர் தந்த சாலமன் அணையில் பாசி பெருகி, தண்ணீரின் சுவையும் மணமும் கெட்டதாக மக்கள் முறையிட்டதால் அதில் மயில்துத்தம் இடப்பட்டது. சில நாட்களில் 148 பேர் ஈரல் அழற்சி போன்ற நோயால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். அணைநீரிலிருந்து பிரித்தெடுத்து ஆராயப்பட்ட பாசியின் பெயரால்தான் அதன் நஞ்சுக்குச் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்ற பெயர் வந்தது.

குளிக்கும் ஏரிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மேலும், செம்பு அழிவதில்லை. இட்டதெல்லாம் சேற்றில் சேரும். மீன்களுக்கும், பாசியை உண்ணும் நுண்ணுயிர்களுக்கும் அது கேடு. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். பாசிக்குள் இருந்த பாஸ்பரஸ் மீண்டும் தண்ணீருக்கே வருவதால், வெயில் நீடித்தால் அடுத்த பெருக்கம் வரத் தடையேதும் இல்லை.

அப்படியானால் கழிவுநீரை நிறுத்தினால் போதுமா?

ஆழமான, தண்ணீர் ஓரளவு விரைவாக மாறும் ஏரியென்றால் அதுவே போதுமானதாக இருக்கலாம். வாஷிங்டன் ஏரியின் கதை இதுதான். 1940களிலும் 1950களிலும் கரையெங்கும் புறநகர்கள் வளர்ந்தன. பத்துக்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் தம் நீரை ஏரியில் விட்டன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது பெரும்பாலும் சுத்திகரிக்கப்பட்ட நீர். நோய்க்கிருமியையும் நாற்றத்தையும் குறைக்கும் வழக்கமான சுத்திகரிப்பு, கரைந்திருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். "எங்கள் நிலையம் ஒழுங்காக இயங்குகிறது" என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு பாசிக்கு வேறு காரணம் தேடும் ஊர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

1955இல் ஏரியில் ஆசில்லட்டோரியா ருபெசன்ஸ் என்ற நீலப்பச்சைப்பாசி தென்பட்டது. ஐரோப்பிய ஏரிகள் கெட்டபோது முதலில் தலைகாட்டியது அதுவே என்பதை அறிந்திருந்த வாஷிங்டன் பல்கலைக்கழக விலங்கியலாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன், பாஸ்பரஸ் வரத்தைக் கணக்கிட்டு, இப்படியே போனால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொன்னார். கழிவுநீருக்கான பொது அமைப்பை உருவாக்குவது குறித்து 1958 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பு வென்றது. 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. 1960களின் நடுவில் கோடைகாலங்களில் தண்ணீரின் தெளிவை அளக்க ஏரிக்குள் இறக்கப்பட்ட வெள்ளைத் தட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் மறைந்துகொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்திலேயே அது பல மீட்டர் ஆழம்வரை தெரிந்தது. 1976 முதல் டாஃப்னியா என்ற நுண்ணிய ஓட்டுடலி பெருகிப் பாசியை மேயத் தொடங்கியதும் ஏரி எதிர்பார்த்ததைவிடவும் தெளிந்தது. ஏரிக்குள் யாரும் எந்த மருந்தையும் கொட்டவில்லை.

வரத்தை நிறுத்திய பிறகும் சில ஏரிகளில் பாசி வருவது ஏன்?

பல ஆண்டுகளாகச் சேற்றில் படிந்த பாஸ்பரஸ் கோடையில் மேலே வருவதால். அடிமட்டத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் விடுபட்டுத் தண்ணீரில் கரையும். வாஷிங்டன் ஏரியின் சராசரி ஆழம் சுமார் 33 மீட்டர் என்பதால் அங்கே சேற்றின் செல்வாக்கு குறைவு. கிரீன் லேக்கின் சராசரி ஆழமோ 4 மீட்டர்தான். சேறும் வெளிச்சமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அங்குத் தொல்லை தந்த குளோயியோட்ரிக்கியா என்ற பாசி, சேற்றில் கிடந்தபடியே பாஸ்பரஸைச் சேமித்துக்கொண்டு, கோடையில் மேலே மிதந்து வரும். தண்ணீரில் மட்டும் பாஸ்பரஸை அளந்துகொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

இத்தகைய ஏரிகளுக்குச் சேற்றின் வாயை அடைக்கும் வைத்தியம் தேவை. குடிநீர் நிலையங்களில் தண்ணீரைத் தெளிய வைக்கப் பயன்படும் அலுமினியம் சல்பேட்டை, அதாவது ஆலத்தை, ஏரியில் தூவினால் அது பஞ்சுத் திரளாக மாறிப் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும்; ஆக்சிஜன் தீர்ந்தாலும் அந்தப் பிடி தளராது. கிரீன் லேக்கில் 1991, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் இது செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பலன் தந்தது. பிறகு பறவை எச்சம், மழைநீர், புதிய வண்டல் ஆகியவற்றால் நிலைமை மெல்லப் பழையபடி ஆனது. இதைத் தோல்வி என்பதைவிட, பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் பராமரிப்புச் செலவு என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிவைப்பது பொருத்தம்.

ஆலம் தண்ணீரை அமிலமாக்கும். கார அமிலக் குறியீடு (pH) 6க்குக் கீழே இறங்கினால் கரைந்த அலுமினியம் மீன்களைக் கொல்லும் என்பதால் சோடியம் அலுமினேட்டைச் சேர்த்துச் சமன்செய்வார்கள். இதற்கு மாற்றாக, ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1990களில் உருவாக்கிய, லாந்தனம் என்ற உலோகம் ஏற்றிய களிமண் உள்ளது. அமிலத் தொல்லை இல்லை, விலை அதிகம். எதுவானாலும், வரத்து நிற்காத ஏரியில் இடுவது வீண்.

தூர்வாரினால் சேற்றுச் சிக்கல் தீராதா?

தீரலாம். தெற்கு சுவீடனின் ட்ரும்மன் ஏரியில் 1970, 1971ஆம் ஆண்டுகளில் மேற்சேற்றை உறிஞ்சி எடுத்தபின் ஏரி நன்றாகவே மீண்டது. ஆனால் பாஸ்பரஸ் மிகுந்த மேலடுக்கைக் கலக்காமல் எடுக்க வேண்டும், எடுத்ததை மழையில் திரும்ப வழியாத இடத்தில் கொட்ட வேண்டும். பொக்லைனை இறக்கிக் கரையிலேயே குவித்து வைக்கும் தூர்வாரல் ஏரியின் கொள்ளளவைக் கூட்டலாமே தவிர, பாசியைக் குறைக்காது.

ஏரேட்டரும் (காற்றூட்டும் கருவியும்) அலங்கார நீரூற்றும் உதவுமா?

நீரூற்று பார்க்க அழகாக இருக்கும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். அடியிலிருந்து காற்றுக்குமிழி விட்டு ஏரி முழுவதையும் கலக்குவது வேறு விஷயம். ஆம்ஸ்டர்டாமின் நியூவே மேர் ஏரியில் 1993இல் இப்படிச் செய்தபோது மைக்ரோசிஸ்டிஸ் பின்வாங்கி, டையாட்டம்கள் என்ற நுண்பாசிகளும் பசும்பாசிகளும் முன்னுக்கு வந்தன. மிதந்து மேலே வந்து வெளிச்சத்தைப் பிடிக்கும் சாமர்த்தியம் கலக்கும் தண்ணீரில் செல்லாது. நியூவே மேர் 30 மீட்டர் ஆழம்வரை செல்லும் ஏரி என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள படகு ஏரியில் எவ்வளவு கலக்கினாலும் பாசி வெளிச்சத்திலேயே இருக்கும். சேறு கிளம்பிப் பாஸ்பரஸ் மேலே வருவதும் உண்டு.

நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாசியை அடித்துச் செல்ல முடியுமா?

தண்ணீர் இருந்தால் முடியும். வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் ஏரிக்குள் 1977 முதல் சத்துக் குறைந்த கொலம்பியா ஆற்று நீரை விட்டு நல்ல பலன் கண்டார்கள். கிரீன் லேக்கிலும் 1962 முதல் நகரக் குடிநீரையே விட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தண்ணீரின் வரத்து குறைந்ததும் நிலைமை மீண்டும் கெட்டது. தடுப்பணைகளால் தேங்கும் ஆறுகளுக்கு இந்த வழி மிகவும் ஏற்றது. 1991இல் ஆஸ்திரேலியாவின் பார்வன்–டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாசி பரவியது, ஓட்டம் மிகக் குறைந்திருந்த காலத்தில்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பாதுகாப்பானதா?

செம்பைவிட நிச்சயம் மேல். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும். சரியான அளவில் இட்டால் நீலப்பச்சைப்பாசியைத்தான் முதலில் தாக்கும். நெதர்லாந்தின் கூட்ஸ்ஹைஸ் ஏரியில் 2009இல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் ஏரி முழுவதும் சீராகக் கலந்ததில் பிளாங்க்டோத்ரிக்ஸ் சில நாட்களில் 99 விழுக்காடு வீழ்ந்தது. அளவு கூடினால் டாஃப்னியாவும் சாகும்; சீராகக் கலக்காவிட்டால் ஓரிடத்தில் பலனும் மற்றோரிடத்தில் சேதமும்தான் மிஞ்சும். பாசி மெல்லத் தலையெடுக்கும்போதே செய்ய வேண்டும். ஆடை கட்டிய பிறகு செய்தால் நஞ்சு வெளிப்படும் பழைய சிக்கல்தான். ஒரு போட்டிக்காகவோ விழாவுக்காகவோ ஒரு பருவத்தைக் காப்பாற்ற இது உதவும்.

இ.எம். உருண்டை, பார்லி வைக்கோல், அல்ட்ராசவுண்ட் கருவி?

இ.எம். எனப்படும் நுண்ணுயிர்க் கரைசலைக் களிமண்ணில் பிசைந்து உருட்டி எறியும் நிகழ்ச்சிகள் நாளிதழில் படமாக வரும். கட்டுப்பாட்டுடன் செய்த சோதனைகளில் அவை பாசியைக் குறைத்ததற்குச் சான்று இல்லை. களிமண்ணோடு சேர்த்துச் சத்தையும் ஏரியில் போடுகிறோம் என்பதுதான் உண்மை. பார்லி வைக்கோல் சில குளங்களில் பலித்தது, பல குளங்களில் பலிக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் ஆய்வகக் குடுவையில் வேலை செய்யும் அளவுக்கு ஏரியில் செய்வதில்லை. விற்பனையாளர் காட்டும் "முன், பின்" படங்களைப் பார்க்கும்போது, இடையில் மழை பெய்ததா என்று கேளுங்கள்.

மீன் விட்டால் பாசியைத் தின்னாதா?

வெள்ளிக்கெண்டை தின்னும், ஆனால் டாஃப்னியா போன்ற நுண்ணுயிர்களையும் சேர்த்தே தின்னும், மைக்ரோசிஸ்டிஸ் திரளில் ஒரு பகுதி செரிக்காமல் உயிரோடே வெளியே வரும். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறிப் பாஸ்பரஸை எழுப்பும். புதிய மீன் விடுவதைவிட, சேறு கிளறும் மீனைப் பிடித்துக் குறைப்பதே பல ஆழமற்ற ஏரிகளில் பயனளித்திருக்கிறது.

குளிர்நாட்டு அனுபவம் நம் பக்கத்து ஏரிகளுக்குப் பொருந்துமா?

காரணம் அதேதான், காலம்தான் வேறு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கண்டி வாவியில், 1999 மே மாதத்தில் மைக்ரோசிஸ்டிஸ் திடீரெனப் பெருகியது. சுற்றிலும் நெருங்கிய நகரத்தின் கழிவுகள் பல ஆண்டுகளாக வந்து சேர்ந்த வாவி அது. நம் பகுதியில் பாசியை அடக்கிவைக்கும் பனிக்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் கண்காணிப்பு வேண்டும், குறிப்பாக மழை ஓய்ந்து, காற்று அடங்கி, நீர்மட்டம் இறங்கும் வாரங்களில். முதல் மழை சாலைக் கழிவையெல்லாம் ஏரிக்குள் அள்ளிவரும் என்பதால், அந்த முதல் வெள்ளத்தை வாய்க்காலிலேயே திருப்பிவிடும் மதகு ஒன்று அமைத்தால், மிதக்கும் ஏரேட்டர்கள் பலவற்றைவிட அது அதிகம் உழைக்கும்.

மூடிய ஏரியை எப்போது திறக்கலாம்?

ஆடை மறைந்த அன்றே திறக்கக் கூடாது. செல்கள் சிதைந்தபின் தண்ணீரில் கரைந்த மைக்ரோசிஸ்டின் முழுவதும் சிதையப் பல நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். தண்ணீர் தெளிவாகத் தெரிவது இந்த நாட்களில்தான் மக்களை ஏமாற்றும். ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள், காற்று வந்து ஒதுங்கும் கரையிலிருந்து எடுத்தவையாக இருந்து, இரண்டும் வரையறைக்குக் கீழே வந்தால் திறக்கலாம். ஏரியின் நடுவிலிருந்து எடுத்த மாதிரியை இதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம். படகுச் சவாரியை நீச்சலுக்கு முன்பே அனுமதிக்கலாம்; ஆனால் தண்ணீர் தெறிக்கும் வேகப் படகையும், அடிக்கடி கவிழும் ஒற்றையாள் துடுப்புப் படகையும் நீச்சலோடு சேர்த்தே எண்ண வேண்டும்.